வற்றிய கிணறும் கணக்கில் உண்டு

(பதினொன்றாம் வகுப்பு மாணவி)

சென்ற நவம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை. கேழ்வரகுக் கொல்லையில் காவல் இருந்த தாத்தாவுக்குக் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டு போயிருந்தேன். கதிர் முற்றும் காலத்தில் ஜவளகிரிக் காட்டுப் பக்கத்திலிருந்து யானைகள் இறங்கும். ஆகையால் அந்த நாட்களில் எங்கள் ஊர் ஆண்கள் இரவில் வீட்டில் உறங்குவது அரிது. தாத்தா பரண்மேல் அமர்ந்து களியை உருண்டை பிடித்துக் கொண்டிருந்தார். அப்போது வானில் ஒரு விண்மீன் இமைக்காமல், சத்தமில்லாமல் நகர்ந்து சென்றது.

“அது செயற்கைக்கோள், தாத்தா. மேலேயிருந்து பூமியைப் பார்க்கும்” என்றேன், படித்த பெண் என்ற பெருமையோடு.

தாத்தா அண்ணாந்து பார்த்தார். “அவ்வளவு ஒசரத்துல இருந்து பாக்குதே, நம்ம கிணத்துத் தண்ணி எங்கே போச்சுன்னு அதுக்குத் தெரியுமா, கண்ணு?” என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். தாத்தா சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் கிணறு தாத்தாவின் தகப்பனார் காலத்தில் வெட்டியது. 55 அடி ஆழம். உள்ளே இறங்கக் கருங்கல் படிகள் உண்டு. தாத்தா தண்ணீரை அடிக்கணக்கில் சொல்லமாட்டார். “ஆடியில் பத்துப் படி தெரிஞ்சுது, கார்த்திகையில் நாலு படிதான் தெரிஞ்சுது” என்று படிக்கணக்கில்தான் சொல்லுவார். சென்ற கோடையில் எல்லாப் படிகளும் தெரிந்தன. பிறகு தரையே தெரிந்தது. மே மாதத்தில் அப்பா போர் வண்டியை வரவழைத்தார். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்து ஒருவர் காட்டிய இடத்தில் 900 அடி போட்டார்கள். வெறும் புகைதான் வந்தது. ஒரு வாரம் கழித்து வேறோர் இடத்தில் 1,100 அடி. அங்கும் கல் தூள் பறந்து வேப்பமரம் வெளுத்துப் போனதுதான் மிச்சம். இரண்டு கறவை மாடுகளும் அம்மாவின் வளையல்களும் அந்தப் புகையோடு போயின. அப்பா இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகிறார். கொல்லையைத் தாத்தாதான் பார்த்துக் கொள்கிறார்.

தாத்தா கேட்ட கேள்வியை மறுநாள் எங்கள் இயற்பியல் ஆசிரியை சிஸ்டரிடம் சொன்னேன். அவர்களும் சிரிக்கவில்லை. “உன் தாத்தா மிக நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். செயற்கைக்கோள் என்றால் படம் எடுப்பது மட்டும்தான் என்று நீ நினைத்துவிட்டாய். கண்ணால் பார்ப்பதைப் போலப் படம் எடுப்பவை உண்டு. தொட்டுப் பார்ப்பதைப் போலப் பூமியை உணர்பவையும் உண்டு” என்றார்கள். அன்று முதல் மதிய இடைவேளைகளில் சிஸ்டர் எனக்குச் சொல்லித் தந்தவற்றைத் தோழியர்க்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு காந்த ஊசியை மேசைமேல் வைத்தார்கள். பூமியே ஒரு பெரிய காந்தம் என்பது நாம் அறிந்ததே. அதன் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே விதமாக இராது. வட நாடுகளில் தாராளமாக ஆடவிட்ட ஊசி தரையை நோக்கிச் சாயும். பூமியின் காந்த நடுக்கோட்டில் அது படுக்கை வாட்டமாக நிற்கும். அந்தக் கோடு நம் நாட்டின் தென்கோடி வழியாகச் செல்வதால்தான் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் சிற்றூரை டாக்டர் விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தார். அங்கே புனித மகதலா மரியாள் ஆலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களும் அவ்வூர் மக்களும் அந்த ஆலயத்தையும் நிலத்தையும் அறிவியலுக்காக விட்டுக் கொடுத்தார்கள். ஆலயமே அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் மேல்வளிமண்டலத்தை ஆராயக் கிளம்பியது. ராக்கெட்டோ சில நிமிடங்களில் விழுந்துவிடும். செயற்கைக்கோள் ஆண்டுக்கணக்கில் சுற்றும். 2013 நவம்பர் 22 அன்று ஐரோப்பிய நாடுகள் ஏவிய ‘ஸ்வார்ம்’ என்னும் மூன்று செயற்கைக்கோள்கள் பூமியின் காந்தப் புலத்தை அளப்பதற்காகவே அனுப்பப்பட்டவை. காற்றுக்கும் இப்படித்தான். நம் நாட்டின் இன்சாட் 3டி 2013-லும், இன்சாட் 3டிஎஸ் 2024-லும் ஏவப்பட்டன. மேகத்தைப் படம் எடுப்பதோடு, எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம் என்று வளிமண்டலத்தை அடுக்கடுக்காக அளக்கும் கருவிகளும் அவற்றில் வைக்கப்பட்டன.

“காந்தமும் காற்றும் சரி, சிஸ்டர். தண்ணீர்?” என்று கேட்டேன்.

“தண்ணீருக்கு எடை உண்டல்லவா?” என்றார்கள்.

எடை உள்ளது எதுவும் இழுக்கும். மலை இழுக்கும், பாறை இழுக்கும், நிலத்தடியில் நிற்கும் நீரும் இழுக்கும். ஆகையால் புவியீர்ப்பு விசை எல்லா இடத்திலும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. இதற்கு உலகிலேயே பெரிய சான்று நமக்கு அருகில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு விசை குறைவு. அதனால் அங்கே கடல் மட்டம், இருக்க வேண்டிய அளவைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது! பூமியின் ஆழத்தில் வெப்பம் மிகுந்த, எடை குறைந்த பொருள் மேலெழுந்து நிற்பதே இதற்குக் காரணம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023-ல் விளக்கம் அளித்தார்கள்.

இந்த ஈர்ப்பு வேறுபாட்டை அளப்பதற்கு 2002 மார்ச் 17 அன்று அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. அத்திட்டத்தின் நீண்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘கிரேஸ்’, அதாவது அருள், என்று ஆயிற்று. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை ஓடின. அவை வேலை செய்யும் விதத்தை சிஸ்டர் மிதிவண்டியை வைத்து விளக்கினார்கள். தோழியர் இருவர் முன்னும் பின்னுமாகப் போகிறார்கள். இறக்கம் வந்ததும் முன்னவளின் வண்டி வேகம் எடுக்கும், இடைவெளி கூடும். பின்னவளும் இறக்கத்துக்கு வந்ததும் இடைவெளி குறையும். அவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் ஒருவர் அளந்துகொண்டே வந்தால், பாதையைப் பார்க்காமலே எங்கே இறக்கம் என்று சொல்லிவிடலாம். அதேபோல, கீழே எடை மிகுந்த இடம் வந்தால் முதல் கோள் முன்னே இழுக்கப்படும், பின்பு இரண்டாவது இழுக்கப்படும். அந்த இடைவெளி மாற்றத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்மையாக அளந்தார்கள். மாதந்தோறும் இப்படிப் பூமியை எடை போட்டால், மலையின் எடை மாறாது, பாறையின் எடை மாறாது. மாறுவது பெரும்பாலும் தண்ணீரே. ஏரியிலும் மண்ணிலும் உள்ள நீரைக் கணக்கிட்டுக் கழித்தால் மிஞ்சுவது நிலத்தடி நீரின் கணக்கு.

அப்படிக் கணக்கிட்டபோது தெரிந்த செய்தி திடுக்கிட வைப்பது. 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை இராஜஸ்தான், பஞ்சாப், அரியானா, டெல்லிப் பகுதிகள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்துவிட்டன என்று 2009-ல் வெளியான ஆய்வு கூறியது. நம் மேட்டூர் அணை நிரம்பினால் கொள்ளும் நீரைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு! அந்த ஆண்டுகளில் மழை வழக்கத்தை ஒட்டியே பெய்திருந்தது. மழை பொய்க்கவில்லை, மனிதர் இறைத்ததுதான் அதிகம். அந்த இரட்டையர் 2017 வரை உழைத்து ஓய்ந்தனர். அதே பணியைத் தொடர 2018 மே மாதம் வேறிரு கோள்கள் ஏவப்பட்டன.

இதை அப்படியே தாத்தாவிடம் சொன்னேன். “அப்போ நம்ம பக்கம் என்ன சொல்லுச்சு?” என்று கேட்டார். அதையும் படித்து வந்து சொன்னேன். காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கணக்கையும் கிணறுகளின் கணக்கையும் வைத்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 2002 முதல் 2013 வரை வட இந்தியாவில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் குறைந்தது, தென்னிந்தியாவிலோ ஆண்டுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் உயர்ந்தது என்று இருந்தது.

தாத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நம்ம கிணறு பொய் சொல்லுதா, கண்ணு?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

இனி நான் செய்த தவறைச் சொல்லவேண்டும்.

எங்கள் அறிவியல் மன்றத்தில் சென்ற ஆண்டு சனவரியில் தோழியர் வீட்டுக் கிணறுகள் பத்தினை அளந்தோம். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தரையிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் என்று குறித்தோம். சராசரி 38 அடி. இவ்வாண்டு சனவரியில் மீண்டும் அளந்து அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் கிணற்றோடு நான்கு கிணறுகள் வற்றியிருந்தன. “தண்ணீர் இல்லையே, எதை எழுதுவது?” என்று அந்த நான்கு கட்டங்களையும் காலியாக விட்டேன். உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டு வறட்சியைக் கண்காட்சித் தட்டியில் எழுத வெட்கமாகவும் இருந்தது. மீதி ஆறு கிணறுகளின் சராசரி 31 அடி. ‘நீர்மட்டம் 7 அடி உயர்ந்துள்ளது!’ என்று வண்ணத்தில் எழுதினேன்.

சிஸ்டர் தட்டியைப் பார்த்துவிட்டு, “உங்கள் வீட்டுக் கிணறு எங்கே?” என்று மட்டும் கேட்டார்கள்.

உட்கார்ந்து மறுபடி கணக்கிட்டோம். தண்ணீர் இருந்த ஆறு கிணறுகளும் முதல் ஆண்டில் சராசரி 30 அடி, இரண்டாம் ஆண்டில் 31 அடி. அவையும் இறங்கித்தான் இருந்தன! வற்றிய நான்கும் முதல் ஆண்டில் சராசரி 50 அடியில் நீர் காட்டியவை, ஒவ்வொன்றும் 55 அடி ஆழம் உள்ளவை. அவற்றை 55 என்றே வைத்தாலும் பத்துக் கிணறுகளின் சராசரி 40.6 அடி. பத்தில் ஒன்றில்கூட நீர் உயரவில்லை, ஆனால் என் தட்டி 7 அடி உயர்ந்தது என்றது. கிணறு பொய் சொல்லவில்லை, நான் விட்ட வெற்றிடம் பொய் சொல்லிற்று.

அப்போதுதான் சிஸ்டர் இன்னோர் ஆய்வைக் காட்டினார்கள். தேஜஸ்வி ஹோரா, வீணா சீனிவாசன், நந்திதா பாசு என்ற மூவர் 2019-ல் வெளியிட்டது. தென்னிந்தியாவில் நீர்மட்டம் உயர்கிறது என்ற முடிவுக்கும், கிணறுகள் வற்றுகின்றன என்று உழவர் சொல்வதற்கும் ஏன் இந்த முரண் என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். கண்காணிப்புக் கிணறுகள் வற்றும்போது அவற்றின் அளவு பதிவாகாமல் போகிறது, அப்படிப்பட்டவை கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன, தாக்குப் பிடித்த கிணறுகள் மட்டுமே மிஞ்சி நல்ல செய்தி சொல்கின்றன என்று கண்டார்கள். நான் சிறிய தட்டியில் செய்த அதே பிழை! படித்தபோது வெட்கமும் வந்தது, கொஞ்சம் ஆறுதலும் வந்தது.

செயற்கைக்கோளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பைச் சேர்த்துத்தான் அதனால் எடை போட முடியும். தேன்கனிக்கோட்டை வட்டம் முழுவதும்கூட அதற்கு மிகச் சிறியது. அணையில் நிற்கும் நீரும் பாறை இடுக்கில் நிற்கும் நீரும் அதற்கு ஒரே எடைதான். எந்தக் கிணற்றில் எவ்வளவு என்று சொல்லக் கயிறும் கல்லும் வேண்டும், அதை மறைக்காமல் எழுதும் கையும் வேண்டும்.

அன்று மாலை தாத்தாவிடம் போய், “நம் கிணறு பொய் சொல்லவில்லை, தாத்தா. நான்தான் அதை எழுதாமல் விட்டேன்” என்றேன். தாத்தா என் தலையைத் தடவினார். “சரி, இப்ப எழுது” என்றார். அவர் சொல்லச் சொல்ல, நினைவில் இருந்த ஆண்டுகளின் படிக்கணக்கை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசி வரியில் இவ்வாண்டையும் மாதத்தையும் போட்டு, ‘வற்றியது’ என்று எழுதினேன்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் கிணறு இருக்கும், அல்லது போர் இருக்கும். பொங்கலுக்கு ஒரு முறை, ஆடியில் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். நீர் இருந்தால் எத்தனை அடி என்று எழுதுங்கள். இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடாமல், ‘வற்றியது’ என்று எழுதுங்கள். எங்கள் தட்டியைத் திருத்தி மன்றத்தின் அறையில் மாட்டியிருக்கிறோம். பதினோராவது கிணற்றுக்கு அதில் இடம் விட்டிருக்கிறோம்.