கடலுக்கும் ஒரு வழி

போர்ட் பிளேருக்குப் பெயர் மாறிவிட்டது. 2024 முதல் அது ஸ்ரீ விஜய புரம். அங்கிருந்து வடக்கே டிக்லிபூர் வரை போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் சிப்பிகாட்டைத் தாண்டும் புதியவர்கள், ஓரத்தில் பரந்து நிற்கும் நீரைப் பார்த்து ஏரி என்றே நினைப்பார்கள். அது ஏரியல்ல, உள்ளே வந்துவிட்ட கடல். 2004 டிசம்பர் 26 வரை அங்கே நெல் விளைந்தது.

அன்றைய பூகம்பம் தென் அந்தமானை ஏறத்தாழ 1 மீட்டர் கீழே இறக்கியது. சுனாமி வடிந்தது, கடல் முழுதாகத் திரும்பவில்லை. நீர் ஏறும்போதெல்லாம் வயலிலும் சாலையிலும் புகுந்தது. தீவுகளின் முதுகெலும்பான அந்த நெடுஞ்சாலையை உயர்த்துவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

ஆனால் உயர்த்துவதோடு வேலை முடிவதில்லை. உயர்ந்த கரையின் அடியை அலை அரிக்கும். செங்குத்தாகச் சுவர் எழுப்பினால், மோதித் திரும்பும் அலை அடிமண்ணைத் தோண்டும். சுவர் ஒருநாள் சாயும். கருங்கல்லைச் சரிவாக அடுக்கினால் அலையின் வேகம் இடுக்குகளில் சிதறும். அதற்கும் முன்னால் அலையாத்தி மரங்கள் நின்றால், கல்லை எட்டுவதற்குள் அலை களைத்துவிடும். அந்த மரங்களின் வேர்களுக்கிடையேதான் மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. சாலைக்குக் காவலாக நிற்பதே மீனுக்குச் செவிலித்தாய்.

இந்தக் காவலுக்குக் கூலி ஒன்றுதான்: நாளுக்கு இருமுறை கடல்நீர் வந்து போக வேண்டும். பூகம்பமே இதைப் பாடம் நடத்திக் காட்டியது. தெற்கே நிலம் தாழ்ந்தது. மூழ்கிய வயல்களில் யாரும் நடாமலே அலையாத்திக் கன்றுகள் முளைத்தன. வட அந்தமானில் நிலம் உயர்ந்தது. கடல்நீர் எட்டாத அலையாத்திக் காடுகள் நின்ற இடத்திலேயே பட்டுப்போயின.

திறப்பில்லாத சாலைக்கரையும் அதையேதான் செய்யும். ஒருபுறம் கடல், மறுபுறம் மெல்லச் சாகும் சேறு. மீன்குஞ்சு நுழைய வழியில்லை. மழைவெள்ளம் வடியாமல் முட்டி நின்று கரையையும் உடைக்கும். கரைக்கடியில் போதிய அகலத்தில் சிறுபாலங்கள் விட்டால் இரண்டும் தீரும்.

நீரோட்டம் திரும்பினால் காடு திரும்பும் என்பதற்குப் பிச்சாவரம் சாட்சி. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழக வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, காய்ந்துகிடந்த நிலத்துக்குக் கடல்நீரைக் கொண்டுபோயின. கன்றுகள் வேர்பிடித்தன.

சிப்பிகாட்டில் ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. நிலத்தை இழந்தவர் விவசாயி; அதில் முளைக்கும் மரத்தால் பிழைப்பவை நெடுஞ்சாலையும் மீனவர் வலையும். கடலைத் தடுத்து வயலைத் திருப்பித் தரச்சொல்லி அவர் கேட்டால் குற்றம் சொல்ல முடியாது. அவர் மனத்தில் அது இன்னமும் நெல்வயல்தான். சாலையைக் காக்கச் செலவிடும் பணத்தில் கல்லுக்கும் தாருக்கும் பங்கு இருக்கிறது. மரத்துக்கு இடம் கொடுத்தவருக்கும் ஒரு பங்கு இருப்பதுதான் நியாயம்.