முன்னால் ஒரு பல்



சென்ற பதிவில் யாப்பைப் பற்றி எழுதினேன். இன்று பற்சக்கரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழாசிரியனுக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் இறுதி வரை படித்துவிட்டுத் திட்டலாம்.

என் வாகனம் நூறு சிசி கப்சாய். ஆயர் ஈத்தாமிலிருந்து நாள்தோறும் பினாங்குப் பாலத்தைக் கடந்து செபராங் பிறையில் உள்ள என் பள்ளிக்குச் செல்கிறேன். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். 2019 சனவரி முதல் நாளிலிருந்து மோட்டார் சைக்கிள்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபின், என்னைப் போன்றவர்களுக்குக் காற்றும் மழையும் மட்டுமே அங்கே வரி. வார இறுதியில் பாதை வேறு. பாயா தெருபோங் வழியாகத் துன் சார்டோன் சாலையில் மலையேறி, பாலிக் புலாவில் இருக்கும் அம்மாவைப் பார்க்கச் செல்வேன். ஐந்து நாள் சமவெளி, ஒரு நாள் மலை. இரண்டுக்கும் ஒரே வண்டி, ஒரே சங்கிலி.

பாலத்தில் நான்காம் கியரில் போகும்போது இயந்திரம் அலறுவதாக எனக்கு நெடுநாளாக ஒரு குறை. ஆசிரியர் அறையில் அதைச் சொன்னபோது, “முன்னால ஒரு பல் கூட்டிப் போடுங்க, வண்டி பறக்கும்” என்றார் சக ஆசிரியர் ஒருவர். என் வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 36. பின்சக்கரம் ஒருமுறை சுழல முன் ஸ்ப்ராக்கெட் 2.57 முறை சுழல வேண்டும். முன்னால் 15 ஆக்கினால் 2.4 முறை போதும். டயரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, பள்ளி நடைபாதையில் உருட்டி அளந்தேன். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.75 மீட்டர். அப்படியானால் பாலத்தை ஒருமுறை கடப்பதற்குள் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு 1,300 சுற்றுகளுக்கு மேல் மிச்சம்! கணக்கு போட்டுக் காட்டியதும் எனக்கே என்மேல் மதிப்பு கூடிவிட்டது. அன்று மாலையே மாற்றிக்கொண்டேன்.

முதல் வாரம் இனிமையாகவே கழிந்தது. ஒலி தணிந்தது, அதிர்வு குறைந்தது. இரண்டாம் வாரம் எதிர்க்காற்று வீசியது. கப்பல்கள் செல்ல உயர்த்திக் கட்டப்பட்ட நடுப்பகுதியை நெருங்கும்போது, முறுக்கை முழுதாகத் திருகியும் வேகமானியின் முள் கீழிறங்கியது. மூன்றாம் கியருக்கு இறக்கினால் பழைய அலறல். நான்கில் விட்டால் மூச்சுத் திணறல். பழைய 14 பல்லில் இதே காற்றில் இதைவிட விரைவாகப் போயிருக்கிறேன். பறக்கும் என்றார்களே!

காரணம் பின்னர் விளங்கியது. வேகம் ஏற ஏற, காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. 60 கிலோமீட்டரிலிருந்து 80க்குப் போக இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். சிறிய இயந்திரம் தன் முழு ஆற்றலையும் உயர்ந்த சுழற்சியில்தான் தருகிறது. பல்லைக் கூட்டி அந்தச் சுழற்சியை எட்டவிடாமல் செய்துவிட்டு வேகத்தை எதிர்பார்ப்பது, சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மூட்டை தூக்கச் சொல்வதைப் போன்றது.

ஆனாலும் மாற்றவில்லை. கணக்கு போட்டுக் காட்டியவன் நான் அல்லவா? தன்மானம் தடுத்தது.

டுரியான் பருவம் வந்தது. அம்மாவைச் சில நாள் எங்கள் வீட்டில் வைத்திருக்கலாம் என்று பாலிக் புலாவிலிருந்து அழைத்து வந்தேன். பின்னால் அம்மா, முன்னால் கூடையில் பழங்கள். ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்கவில்லை. இரண்டாம் கியரும் சில வளைவுகளில் திணறி, முதல் கியரில் ஊர்ந்தோம். பின்னால் வந்த வாகனங்கள் ஒலியெழுப்பின. உச்சியைத் தாண்டியதும் அந்தக் கோபத்தில் மூன்றாம் கியரைப் போட்டு இறங்கினேன். பிழை அங்கேதான். இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்தவில்லை. வளைவுக்கு வளைவு கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். டிரம் சூடேறி, கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஒரு வளைவில் மிதிக்க மிதிக்கப் பெடல் உள்ளே போனது. வண்டியோ குறையவே இல்லை. எதிரே ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. முன் பிரேக்கை மெல்ல அழுத்தி, கியரை இரண்டுக்கு இறக்கி, சாலையோரப் புல்லில் எப்படியோ நிறுத்தினேன். கைகள் நடுங்கின. அம்மா இறங்கி நின்று, உருண்டுபோன ஒரு பழத்தைத் தேடி எடுத்து வந்து கூடையில் வைத்தார். எதுவும் கேட்கவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

மறுநாள் என் பழைய மாணவன் ஒருவனின் பட்டறைக்குச் சென்றேன். ஆறாம் ஆண்டில் விகிதக் கணக்கு என்றாலே வயிற்றுவலி என்று வெளியே ஓடியவன். இப்பொழுது 14க்கு 36 என்றதும் மனத்திலேயே வகுத்துச் சொல்கிறான்.

“சார், முன்னால ஒரு பல் கூட்டுனது பின்னால ரெண்டரை பல் குறைச்ச மாதிரி. ஆனா உங்கள பயமுறுத்துனது அந்த ஒரு பல்லு மட்டும் இல்ல. அது ஏழு விழுக்காடுகூட வராது. ரெண்டாம் கியர்ல இறங்கியிருந்தா இந்தப் பதினஞ்சுலயும் தாங்கியிருக்கும்.”

ஆசிரியரைத் திருத்தும் மாணவனைக் கண்டு மகிழ்வதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

அவன் ஒரு காலத்தில் பந்தயத்திற்கு வண்டிகளைத் தயார் செய்யும் குழுவில் உதவியாளாக இருந்தவன். 1994இல் தொடங்கிய மலேசியக் கப் பிரி பந்தயத்தின் சுற்றுகள் முன்பு நம் பத்து காவான் அரங்க வளாகத்திலும் நடந்தன. அங்கே ஸ்ப்ராக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்கினான். களத்தின் மிக நீண்ட நேர்ப்பாதை முடியும் இடத்தில், பிரேக் பிடிப்பதற்குச் சற்று முன், கடைசிக் கியரில் இயந்திரம் தன் உச்சச் சுழற்சியைத் தொட வேண்டும். முன்பே தொட்டுவிட்டால் பின்னால் ஒரு பல்லைக் குறைப்பார்கள். தொடாமலே போனால் கூட்டுவார்கள். முன்னால் கை வைப்பது பெரிய மாற்றத்திற்கு, பின்னால் கை வைப்பது நுண்ணிய மாற்றத்திற்கு. பயிற்சிச் சுற்றுகளுக்கு இடையே இதற்காகவே பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுவார்களாம். முன்னால் பல்லை மிகவும் குறைத்தால் சங்கிலி கூர்மையாக வளைந்து விரைவில் தேயும் என்பதையும் சொன்னான்.

சுவரில் ஆணியடித்துப் பழைய ஸ்ப்ராக்கெட்டுகளை மாட்டி வைத்திருந்தான். சனிக்கிழமை மாலைகளில் சிறுவர்கள் வந்து, வேகத்திற்கு ஏற்றதாக மாற்றித் தரச் சொல்வார்களாம். “எந்த நேர்ப்பாதைக்கு?” என்று கேட்பானாம். களத்தின் பெயரைச் சொன்னால் உட்காரச் சொல்வான். சாலையின் பெயரைச் சொன்னால், ஸ்ப்ராக்கெட் தீர்ந்துவிட்டது என்பான். சுவர் நிறைய மாட்டியிருக்கும்போதே! வேறு பட்டறைக்குப் போகமாட்டார்களா என்றேன். “போவாங்க சார். ஆனா என் கையால இல்ல” என்றான். அவனோடு ஆறாம் ஆண்டில் ஒரே மேசையில் அமர்ந்திருந்த ஒருவன் இன்று இல்லை என்பது எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

14 பல்லையே திரும்ப மாட்டினான். 15இலிருந்து ஒரு பல் குறைந்ததால் சங்கிலி சற்றுத் தொய்ந்தது. அச்சை மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னுக்கு இழுத்து, இரு பக்கக் குறிகளும் ஒத்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தான். பிரேக் கட்டைகளையும் மாற்றினான். என் வண்டியின் வேகமானி முன்சக்கரத்திலிருந்து கம்பி வழியாக இயங்குவதால் இத்தனை மாற்றத்திலும் அது பொய் சொல்லவில்லை என்றும், கியர்பெட்டியிலிருந்து அளவெடுக்கும் வண்டிகளில் பல்லை மாற்றினால் முள் தவறிவிடும் என்றும் சொன்னான். கூலி வாங்க மறுத்தான். பொருளுக்கு மட்டும் வெள்ளியை எண்ணி வாங்கிக்கொண்டான்.

மலைக்காகப் பின்னால் 38 போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். “பாலத்துல அலறுதுன்னு திரும்ப வருவீங்க சார்” என்றான்.

கழற்றிய 15 பல்லை ஆறாம் ஆண்டு வகுப்பில் மேசைமேல் வைத்துப் பற்களை எண்ணச் சொன்னேன். மூன்று பேர் 14 என்றார்கள், ஒருத்தி 16 என்றாள். தொடங்கிய பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுவிட்டு எண்ண வேண்டும் என்பது கடைசி வரிசையில் இருந்தவனுக்கு மட்டும் தோன்றியது. எல்லார் கையிலும் கறுப்பு மசகு. அன்று திருத்திய பயிற்சி நூல்களில் பாதியில் அதன் ரேகை இருக்கிறது. பெற்றோர் பொறுத்தருள்க.