நாலு மில்லிமீட்டர் சமாச்சாரம்

கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் முடியுதுங்க. "ஏதாவது வாங்கித் தரட்டுமா?"ன்னு நானாத்தான் கேட்டேன் (நம்புங்க மக்களே!). தங்கமணி யோசிக்கவே இல்ல. "ஒத்தக்கல் வைர மோதிரம்"னாங்க. எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல.

ஏன் வைரம்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2015 டிசம்பர். எங்க சடையங்குப்பத்துக்கு ஒரு பக்கம் கொசஸ்தலை ஆறு, இன்னொரு பக்கம் மணலி கம்பெனிங்க. பூண்டி ஏரியத் தொறந்து விட்டா, தண்ணி எங்களையும் ஒரு எட்டு பாத்துட்டுத்தான் எண்ணூர்ல கடலுக்குப் போகும். அந்த வருஷம் வீட்டுக்குள்ள இடுப்பளவு. தங்கமணிக்கு ஜாக்கெட் தைக்கறது தொழில், தையல் மெஷின் ரெண்டும் முழுகிப் போச்சு. செயின், கம்மல் எல்லாம் அடகுக்குப் போயும் பத்தல. கடைசியா மிஞ்சினது அவங்கம்மா போட்டு அனுப்பின ஒத்தக்கல் வைர மூக்குத்தி. கடைக்காரர் தராசுல வெச்சார், கல்லுக்குன்னு ஒரு எடையக் கழிச்சார். "தங்கத்துக்குத்தான் காசு சார், கல்லுக்குக் கிடையாது." ஆயிரத்துச் சொச்சம் வந்துது. வித்துட்டேன்.

தங்கமணி ஒரு வார்த்தை பேசல. மூக்குல வேப்பங்குச்சி சொருகிக்கிட்டாங்க. அவ்ளோதான். திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

"அப்போ மூக்குத்தியே வாங்கிடலாமே?"ன்னேன்.

"அது எங்கம்மாது. அதுக்குப் பதிலா இன்னொண்ணு வராது. இது நீங்க வாங்கித் தர்றது. வேறயா இருக்கட்டும்."

சரி, இந்தத் தடவ ஏமாறக் கூடாதுன்னு களத்துல குதிச்சேன். வைரத்துக்கு நாலு விஷயம் பாப்பாங்க. எடை, பட்டை தீட்டின விதம், நிறம், சுத்தம். நாலும் ஒசத்தியா வேணும்னா வீட்ட விக்கணும். எதுல விட்டுக் குடுக்கலாம்னு தெரியறதுதான் கெட்டிக்காரத்தனம்.

முதல்ல எடை. தங்கத்துல கேரட்னா தரம், வைரத்துல கேரட்னா எடை. இதுலயே நான் பாதி நாள் குழம்பினேன், ஹிஹி. ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதுல நூறுல ஒரு பங்கு ஒரு சென்ட். எடை டபுள் ஆனா கல்லு டபுளா தெரியும்னு நினைக்காதீங்க. உருண்டைக் கல்லுல அரை கேரட் சுமார் 5.1 மில்லிமீட்டர் அகலம், ஒரு கேரட் சுமார் 6.5. கண்ணுக்கு வித்தியாசம் அவ்ளோதான். ஆனா விலை ரெண்டு மடங்குக்கும் மேல ஏறும். அதே மாதிரி 50 சென்ட், 1 கேரட்னு முழு நம்பர் வர்ற இடத்துல விலை திடீர்னு எகிறும். 47, 48 சென்ட் கிடைச்சா கமுக்கமா வாங்கிக்கங்க.

அடுத்து சுத்தம். நம்மாளுங்களுக்கு இதுலதான் பயம். கரும்புள்ளி இருந்தா தோஷம், வைரம் எல்லாருக்கும் ஒத்துக்காது, மூணு நாள் வீட்ல வெச்சுப் பாருன்னு பக்கத்து வீட்டு ஆயா வரைக்கும் சொல்லிட்டாங்க. இது இன்னிக்கு நேத்து பயமில்ல. சிலப்பதிகாரத்துல கோவலன் மதுரையச் சுத்திப் பாக்கற ஊர்காண் காதையிலயே வைரத்துக்கு ஆகாத நாலு குத்தம் வருது. காக்கா கால் மாதிரி கீறல், கறை, புள்ளி, கோடு. இப்போ அதையே பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டற லென்ஸ்ல பாத்து விவிஎஸ், விஎஸ், எஸ்ஐன்னு பிரிக்கறாங்க. ஆனா ஒண்ணு, தங்கமணி விரலப் பாக்கறவங்க யாரும் லென்ஸோட வரப் போறதில்ல. வெறுங்கண்ணுக்குப் புள்ளி தெரியலன்னா போதும்.

நிறம். 'டி'ல ஆரம்பிச்சு 'இசட்' வரைக்கும் எழுத்து. 'டி'ன்னா நிறமே இல்லாதது, போகப் போக மஞ்சள் தட்டும். மஞ்சள் தங்கத்துல கட்டினா 'எச்', 'ஐ' கூட வெள்ளையாத்தான் தெரியும். ஒரு கடையில "புளூ ஜாகர் பாருங்க சார்"னாங்க. அந்தப் பேருக்குக் காரணமான தென்னாப்பிரிக்க ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்த 1971லயே மூடியாச்சு! நம்ம பாட்டிங்க தோட்டுல வெயில் பட்டா நீலமா அடிச்சுதே, அது வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் பட்டு சில வைரம் ஒளிர்றது.

கடைசியா பட்டை. என்னைக் கேட்டா இதுதான் முதல்ல. மேல நுழையற வெளிச்சம் உள்ள திரும்பித் திரும்பி மறுபடி மேலயே வரணும், அதுதான் ஜொலிப்பு. ரொம்ப ஆழமா வெட்டினா வெளிச்சம் பக்கவாட்டுல ஒழுகிடும், கல்லு நடுவுல இருட்டிடும். அந்த ஆழத்துல ஒளிஞ்சிருக்கற எடைக்கும் நாமதான் காசு குடுக்கணும். இதுல மட்டும் 'எக்ஸலண்ட்'டுக்குக் கீழ எறங்காதீங்க.

இவ்வளவும் படிச்சுட்டு, ஒரு சனிக்கிழம என்.எஸ்.சி. போஸ் ரோடு பக்கம் ரெண்டு பேரும் போனோம். சேல்ஸ்மேன் தம்பி விவிஎஸ், விவிஎஸ்னு ஜபிச்சுக்கிட்டே இருந்தார். நானும் படிச்சதெல்லாம் எடுத்து விட்டேன். தங்கமணி எதுவும் பேசாம மோதிரத்த வாங்கி, "தம்பி, கொஞ்சம் வாசல் வரைக்கும் வாங்க"ன்னு கூட்டிட்டுப் போய், மேகம் மூடின வானத்துக்குக் கீழ விரல நீட்டிப் பாத்தாங்க. கடை லைட்டுல எல்லாக் கல்லும்தான் மின்னும்! அப்புறம் கைப்பையிலேர்ந்து ஒரு ஷிஃபான் துண்டு எடுத்து மோதிரத்து மேல இழுத்தாங்க. கல்லப் பிடிச்சிருந்த கம்பி முனையில சர்ருனு நூல் மாட்டிக்கிச்சு.

"இது ஆகாது. தினம் நாலு பட்டு ஜாக்கெட் கைல போகுது. ஒரு இழை போனா துணிக்கு யார் பதில் சொல்றது?"

ரெண்டு மாசமா படிச்ச எனக்கு இது தோணவே இல்லீங்க. கல்லு உசரமா நிக்காம, சுத்திலும் தங்க விளிம்பு வெச்சுக் கட்டினதாப் பாத்தோம். ஷிஃபான் வழுக்கிட்டுப் போச்சு. பாஸ்.

அப்புறம்தான் அந்தத் தம்பி லேப் வைரம் காட்டினார். போலி இல்ல, அதுவும் அதே கார்பன், அதே கடினம். பூமிக்குள்ள ஆனத மெஷினுக்குள்ள பண்றாங்க. நம்ம கிண்டி ஐஐடிக்கே இந்த ஆராய்ச்சிக்காக 2023ல மத்திய அரசு 242.96 கோடி ஒதுக்குச்சு. விலை, அதே மாதிரி சுரங்கக் கல்லுக்கு மூணுல ஒரு பங்குகூட இல்ல. எனக்கு மனசு கேக்கல. வெள்ளிவிழாவுக்கு லேப் கல்லான்னு தயங்கினேன்.

தங்கமணி கேட்டாங்க. "திருப்பி வித்தா என்ன வரும்?"

"ஒண்ணும் பெருசா வராது."

"எங்கம்மா கல்லு பூமிலேர்ந்து வந்ததுதானே. அதுக்கு என்ன வந்துது?"

நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க குத்திக் காட்டச் சொல்லல. கணக்குதான் சொன்னாங்க.

25 சென்ட், நாலு மில்லிமீட்டர் லேப் வைரம், பட்டை எக்ஸலண்ட், 18 கேரட் தங்கத்துல கட்டினது. சர்டிபிகேட் நம்பர் கல்லோட இடுப்புல லேசர்ல பொறிச்சிருக்கு, லென்ஸ்ல பாத்து சரி பாத்தோம். தங்கத்துக்குத் தனியா ஹால்மார்க், ஆறு எழுத்து எண். அது தங்கத்துக்கு மட்டும்தான் கேரண்டி, கல்லுக்கு இல்ல. மறந்துடாதீங்க.

மிச்சமான காசுல 22 கேரட்ல கல்லே இல்லாத மெல்லிசா ஒரு செயின். "அடுத்த தடவ ஆறு வந்தா இத வைங்க. மோதிரத்துல கை வைக்கக் கூடாது"ன்னு வர்ற வழியில பஸ்லயே ஆர்டர் போட்டாச்சு.

இத டைப் பண்றப்ப உள்ள மெஷின் ஓடற சத்தம் கேக்குது. மோதிரத்தோடதான் தைக்கறாங்க. மூக்குல குச்சி அப்படியேதான் இருக்கு. அத நான் இனிமே கேக்கப் போறதில்ல.

பி.கு: வைரத்துல எண்ணெய்ப் பிசுக்கு ஈசியா ஒட்டிக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியும் பழைய மெத்து பிரஷ்ஷும் போதும். ஞாயித்துக்கிழம அந்த வேலை எனக்கு :-)