அலை தேடிய நண்டுகள்

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவன் ஒருவன் எழுதியது)

கிளி வளர்ப்பவர் உண்டு. புறா வளர்ப்பவர் உண்டு. வண்ண மீன்களை வளர்த்து, அவற்றைப் பார்த்தே மனக்கவலை மறப்பவரும் உண்டு. நான் நண்டு வளர்த்தேன். 'வளர்த்தேன்' என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. பதினொரு நாள்கள் வைத்திருந்தேன் என்பதே உண்மை. மூன்றாண்டுகள் வகுப்பறையில் கற்றதைவிட அந்தப் பதினொரு நாள்களில் அதிகம் கற்றேன் என்று எழுதினால் எங்கள் துறைப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே, வகுப்பில் கற்றது அப்போதுதான் புரிந்தது என்று திருத்திச் சொல்கிறேன்.

நண்டு என்றதும் நண்பர்கள் சிலருக்கு நாவில் நீர் ஊறும். சற்றுப் பொறுங்கள்! இது குழம்பில் கொதிக்கும் நண்டன்று. காலடி ஓசை கேட்டதும் ஓடி வளைக்குள் மறைகிற நண்டும் அன்று. இது மணல் நண்டு. கட்டைவிரல் பருமனில் முட்டை வடிவம். ஈர மணலின் நிறம். கொடுக்கு இல்லை, ஆகவே கடிக்கத் தெரியாது. முன்னோக்கி நடக்கவும் தெரியாது. நீந்துவதும் தோண்டுவதும் எல்லாம் பின்னோக்கித்தான். கையில் எடுத்தால் உள்ளங்கையையே மணலென்று எண்ணி, விரலிடுக்கில் புதையப் பார்க்கும். அந்தக் குறுகுறுப்பை ஒருமுறை உணர்ந்தவர் மறக்கமாட்டார்.

அறிவியலில் இதன் பேரினப் பெயர் 'எமெரிட்டா'. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர் என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. 'எமெரிட்டஸ் பேராசிரியர்' என்கிறோமே, அதே சொல்தான்! ஆனால் இதைப் போல ஓய்வறியாத உயிரை நான் கண்டதில்லை. அலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒவ்வொரு முறையும் மணலை விட்டு வெளிவந்து, நீரோடு உருண்டு, இரண்டொரு நொடியில் மீண்டும் புதைந்துகொள்ளும்.

சென்ற பிப்ரவரியில் என் தம்பி கொய்யா மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் படுக்கை என்றார் மருத்துவர். ஞாயிறுதோறும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு என்னோடு வருகிறவன் அவன். "நான்தான் கடலுக்கு வர முடியாதே. நீ கடலை இங்கே கொண்டு வாண்ணா" என்றான். விளையாட்டாகச் சொன்னான். நான் அதை வினையாக எடுத்துக்கொண்டேன்.

பரணில் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று கிடந்தது. 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 20 லிட்டர் கேன்கள் இரண்டை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு போனேன். கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் கலந்திருக்கும் என்பதால், தள்ளிப் போய்க் கடல்நீர் எடுத்தேன். இன்னொரு நடையில் மணல் கொண்டுவந்தேன். தொட்டியின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் கரை போலச் சரிவாகப் பரப்பினேன். காற்றுக் குமிழி விடும் சிறு மோட்டாரும் பொருத்தினேன். பிறகு கடலோரத்தில் குனிந்து, ஒன்பது நண்டுகளைப் பிடித்தேன். அவற்றுள் இரண்டு சினை நண்டுகள். வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகள்.

தொட்டியில் விட்டதும் ஒன்பதும் மறைந்தன! தம்பி கட்டிலிலிருந்து கைதட்டினான். அன்றிரவு எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடலையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டவன் அல்லவா நான்!

மறுநாள்தான் சிக்கல் தெரிந்தது. நண்டுகள் உண்ணவில்லை. மணல் நண்டு இரைதேடிப் போவதில்லை. இரைதான் அதைத் தேடி வரவேண்டும். அது கடலைப் பார்த்தபடி மணலில் புதைந்து, கண்களையும் சிறிய உணர்கொம்புகளையும் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். அந்தச் சிறிய கொம்புகள் இரண்டும் சேர்ந்து மூச்சுக்குழாய் போலச் செவுளுக்கு நீர் தருகின்றன. இறகு போன்ற பெரிய உணர்கொம்புகள் வேறு உண்டு. அவற்றை அலை ஏறும்போது நீட்டாது. ஏறிய அலை கடலுக்குத் திரும்பும்போதுதான் வலை போல விரிக்கும். அதில் சிக்கும் நுண்ணுயிர்களை வாயில் வழித்துக்கொள்ளும். என் தொட்டியில் நீர் இருந்தது, உப்பு இருந்தது, மணல் இருந்தது. திரும்பிப் போகும் அலை இல்லை.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துத் தூவினேன். அது மணலில் படிந்ததே தவிர நண்டு சீந்தவில்லை. வழி கண்டுபிடித்தவன் தம்பிதான். "மேட்டுப் பக்கம் தண்ணி ஊத்துண்ணா" என்றான். ஒரு சொம்பு நீரைத் தொட்டியிலிருந்தே மொண்டு மேட்டில் ஊற்றினேன். நீர் சரிவில் வழிந்தது. ஆகா! அங்கே ஒன்று, இங்கே ஒன்று என மணலிலிருந்து மெல்லிய இறகுகள் விரிந்தன. நீர் நின்றதும் சுருண்டன. நாங்கள் இருவரும் மூச்சுவிட மறந்தோம்.

அன்று முதல் நான் அலையானேன். கல்லூரிக்குப் புறப்படும் முன் அரைமணி நேரம், திரும்பியதும் ஒருமணி நேரம், இரவில் கண் சொருகும் வரை சொம்பும் கையுமாக நின்றேன். கட்டிலைத் தொட்டியருகே இழுத்துப் போட்டு, பகலில் தம்பியும் ஊற்றினான். "பரீட்சைக்கு இப்படிக் கண் விழிச்சிருந்தா எப்பவோ தேறியிருப்ப" என்றாள் அம்மா. கடலோ ஒரு நிமிடத்தில் பல அலைகளை அனுப்புகிறது. இரவென்றும் பகலென்றும் பார்ப்பதில்லை. என் கை எத்தனை அலை வீசும்?

நான்காம் நாள் ஒரு நண்டு செத்தது. ஆறாம் நாள் இரண்டு. எட்டாம் நாள் மேலும் இரண்டு. அவற்றில் ஒன்று சினை நண்டு. அதைக் கையில் எடுத்தபோது என் கை நடுங்கியது. தம்பிக்குத் தெரியாமல் இரவில் எடுத்துப் போய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். காலையில் கேட்டால், "எல்லாம் ஆழமா புதைஞ்சிருக்குடா" என்பேன். அது பொய்யும் அன்று, மெய்யும் அன்று!

ஒன்பதாம் நாள் எங்கள் பேராசிரியரிடம் போய் நின்றேன். பொறுமையாகக் கேட்டவர், "தொட்டியில் நீர் குறைந்தால் என்ன செய்தாய்?" என்றார். "கடல்நீரே ஊற்றினேன், ஐயா" என்றேன். "உப்பு ஆவியாகுமா?" என்றார். நான் தலைகுனிந்தேன். ஆவியாவது நீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு. குறைந்த அளவுக்கு நல்ல நீர் ஊற்றாமல், கடல்நீரையே ஊற்றி ஊற்றி நாளுக்கு நாள் உப்பைக் கூட்டியிருக்கிறேன். வேதியியல் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்!

அடுத்தது முட்டைக் கரு. அது அழுகியதாலும், நண்டுகளின் கழிவாலும் நீரில் அம்மோனியா சேர்ந்துவிட்டது. அதற்கு நிறமில்லை, நீர் தெளிவாகவே தெரியும். அதை மாற்றித் தூய்மை செய்யும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுக்காமல் முதல் நாளே ஒன்பது உயிர்களைக் குடியேற்றிவிட்டேன். "எல்லாவற்றையும் சரிசெய்தாலும் அலைக்கு எங்கே போவாய்?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியர் வகுப்புக்குப் போய்விட்டார்.

மிஞ்சியவை நான்கு. அவற்றுள் ஒன்று, உயிரோடிருந்த சினை நண்டு. கைலென்ஸால் பார்த்தேன். முட்டைகளின் ஆரஞ்சு நிறம் மங்கிச் சாம்பல் படர்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் கரும்புள்ளியாகக் கண்கள்! பொரியும் காலம் நெருங்கிவிட்டது. பொரியும் குஞ்சுகள் தாயைப் போல மணலில் வாழ்வதில்லை. வாரக்கணக்கில் கடலில் மிதந்து திரிந்து, உருமாறிய பிறகே கரைக்கு வருகின்றன. 2 அடித் தொட்டியில் அவை எங்கே மிதக்கும்?

பதினொராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஓர் ஆட்டோ பிடித்து, மாவுக்கட்டுக் காலோடு தம்பியைத் தூக்கி உட்கார வைத்தேன். மடியில் வாளி. கடற்கரையில் அவனை ஒரு படகின் நிழலில் அமர்த்திவிட்டு, அலை தொடும் இடத்தில் வாளியைச் சாய்த்தேன். நான்கும் நொடியில் புதைந்தன. அலை வந்தது, திரும்பியது. வழியும் நீரில் நான்கு இடங்களில் அம்புமுனை போன்ற சிறு கோடுகள் தோன்றின. விரிந்த இறகுகள் நீரைக் கிழித்த கோடுகள் அவை.

"நாலுதான் இருக்கு" என்றான் தம்பி. நான் வாய் திறக்கவில்லை.

"தெரியும்ணா. கால் வலியில தூக்கம் வராது. நீ ராத்திரி எடுத்துட்டுப் போனதைப் பார்த்தேன். நீ அழுதுடுவேன்னுதான் கேக்கல" என்றான்.

பத்து வயதுப் பிள்ளை எனக்காகப் பொய்யை நம்பியது போல நடித்திருக்கிறான். அவனுக்காகப் பொய் சொன்னேன் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் என் தோல்வியை மறைக்கவே சொல்லியிருக்கிறேன். கடலைப் பார்த்துக்கொண்டே அவன் தலையைத் தடவினேன். வேறென்ன செய்ய?

அதன்பிறகு இந்நண்டைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் கிழக்குக் கரையில் வாழும் இனத்தின் மிகச் சிறிய ஆண்கள், அரிசி மணியளவுகூட இல்லாதவை, பெண்ணின் உடலில் ஒட்டி வாழ்கின்றன. வளர்ந்தபின் அவையே பெண்ணாக மாறுகின்றன. சென்னைக் கடற்கரை நண்டுகளை ஆராய்ந்து, சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 1981ஆம் ஆண்டு இதை வெளியிட்டார். என் ஒன்பது நண்டுகளின் காலடியில் அத்தகைய கடுகு மாப்பிள்ளைகள் இருந்தனவோ என்னவோ! பார்க்கத் தெரியாமல், வைத்திருக்க மட்டும் ஆசைப்பட்டேன்.

நண்பர்களே, தொட்டியில் உயிர் வளர்ப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. அந்த உயிருக்கு எது உயிர்நாடியோ அதைத் தர முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் நாம் அதனிடம் போவதே முறை. நம் கல்லூரியிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். மாலையில் அலை திரும்பும்போது குனிந்து பாருங்கள். அம்புமுனைக் கோடுகள் தெரியும்.

தம்பியின் கட்டுப் பிரித்தாயிற்று. ஞாயிறுதோறும் இருவரும் போகிறோம். கோடுகளை எண்ணுவது அவன் வேலை. சொம்பு எடுத்துப் போவதில்லை. அங்கே அலைக்குப் பஞ்சமில்லை.