கடனில் வந்த கேமரா

விடியும் முன்பே தூத்துக்குடி உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் உப்பின் வெண்மையில் கண் கூசும். அங்கே தலையில் உப்பு சுமக்கும் பெண்களைப் படமெடுத்தவர் எம்.பழனி குமார். தலைச்சுமை அவருக்குப் புதிதல்ல. அவருடைய அம்மா மதுரையில் மீன் விற்பவர்.

பொறியியல் படித்தாலும் மனசு புகைப்படத்தில்தான். கையில் காசில்லை, கடனில்தான் முதல் கேமரா வந்தது. அந்தக் கடனுக்கும் கனவுக்கும் சேர்த்தே உழைத்தார். மலக்குழித் தொழிலாளர்களின் அவலத்தைப் பேசிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பிறகு, கிராமப்புற வாழ்வைப் பதிவுசெய்யும் 'பாரி' இணையதளத்தில் முழுநேரப் புகைப்படக் கலைஞரானார். 2022-ல் தயாநிதா சிங் - பாரி விருதை முதல் ஆளாகப் பெற்றார்.

எதைப் படமெடுப்பது என்று அவர் எங்கெங்கோ தேடவில்லை. அம்மாவைப் போல உழைப்பவர்களையே எடுத்தார். அதுவே அவருக்கு வேலையும் ஆனது.