பம்புசெட்டு நிழலில் ஒரு படாகானா

சில இதழ்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். கணவர் ராணுவத்தில் இருந்து வந்து விவசாயம் பார்த்தவர், இறந்துவிட்டார். அவருடைய பழைய பட்டாலியன்காரர்கள் வருஷா வருஷம் கூடுகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள், நான் போகலாமா, போய் என்ன ஆகப்போகிறது என்று. குடும்ப ஓய்வூதியம் பற்றி அவர் கேட்டிருந்ததற்குப் பதில் சரியாகவே வந்திருந்தது. 'போகலாமா' என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் 1983-ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சிப்பாயாகச் சேர்ந்து 2003-ல் ஹவில்தாராக வெளியே வந்தவன். வேலூர் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் இருக்கிறது. மானாவாரியில் நிலக்கடலை, கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் நெல். எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்டவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவு பேர் இருக்கிறோம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆங்கிலேய அரசு பல ஊர்களில் ஒரு கல் பதித்துவிட்டுப் போனது. இந்த ஊரில் இருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். எண்ணிக்கைதான். ஒரு பெயர்கூட இருக்காது. சின்ன வயதில் அந்தக் கல்லைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது படித்தால் கோபம் வருகிறது.

எங்கள் கூட்டத்தில் நாங்கள் முதலில் செய்வது பெயர் வாசிப்பதுதான். ஒவ்வொரு பட்டாலியனுக்கும் அது தொடங்கிய நாள் ஒன்று உண்டு, ரைசிங் டே என்போம். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, பழைய வடாற்காடு, தருமபுரி, சேலம் பக்கத்து ஆட்கள் கூடுவோம். கல்யாண மண்டபம் கிடைத்தால் மண்டபம், வாடகை கட்டுப்படியாகாத வருஷம் என் பம்புசெட்டுக் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் புளியமரத்தடி. காலை பத்து மணிக்கு வரிசையில் நிற்போம். எங்களில் மூத்தவர் 1971 போரில் இருந்த சுபேதார் ஐயா, எண்பதைத் தாண்டியவர். அவர் 'சாவ்தான்' என்று குரல் கொடுத்ததும் சர்க்கரை வியாதிக்காரன், மூட்டுவலிக்காரன் எல்லாரும் நிமிர்ந்துவிடுவார்கள். தொப்பைதான் கட்டளைக்குக் கட்டுப்படாது. பிறகு இறந்தவர்களின் நம்பர், ரேங்க், பெயர், ஊர் வாசிக்கப்படும். சண்டையில் போனவர், பனியில் போனவர், ஊருக்கு வந்து மாரடைப்பில் போனவர் என்று பிரிப்பதில்லை. எல்லாருக்கும் ஒரே பட்டியல்.

அதன்பிறகு படாகானா. பட்டாலியனில் அதிகாரி, ஜவான் என்று பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். ஆட்டுக்கறி எங்கள் செலவு, அரிசி யார் வயலில் அந்தப் பருவம் நன்றாக விளைந்ததோ அவருடையது. மனைவிகள் சமைக்கக் கூடாது என்பது சட்டம். பழைய லங்கர் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார், இன்னும் ஐந்நூறு பேருக்கான அளவில்தான் உப்புப் போடுவார்.

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது கிழவர்களின் விளையாட்டாகத் தெரியலாம். ஒன்றை யோசித்துப் பாருங்கள். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 வருஷம் பணி வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் போனவன் நாற்பதுக்குள் வெளியே வந்துவிடுகிறான். ஊரில் அவனோடு படித்தவர்களுக்கு அவனைச் சரியாகத் தெரியாது. அவன் வாலிபத்தைப் பார்த்தவர்கள் பாலக்காட்டிலும் மாண்டியாவிலும் சித்தூரிலும் இருக்கிறார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று பெயர் இருந்தாலும் அதில் தென்னாட்டு மொழிகள் எல்லாம் உண்டு. குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் குளிரில் ஒன்றாகப் பயிற்சி எடுத்து, ஒன்றாகக் கசம் பரேடில் நின்று சத்தியம் செய்தவர்கள் நாங்கள். ரெஜிமென்டின் கதையை அங்கேதான் சொல்லிக் கொடுத்தார்கள். தொடக்கம் 1758. தொப்பியில் இருக்கும் யானை 1803-ல் நடந்த அஸ்ஸாயே போருக்காகக் கிடைத்த சின்னம். எங்களில் ஒரு பட்டாலியன் பழைய திருவிதாங்கூர்ப் படையின் வாரிசு. 1741-ல் கொளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த படை அது. இடையில் 1920-களில் செலவு அதிகம் என்று மெட்ராஸ் பட்டாலியன்களைக் கலைத்தும் விட்டார்கள், இரண்டாம் உலகப் போர் வந்ததும் திரும்பச் சேர்த்தார்கள். 'நம்மளக் கலச்சிட்டுத்தான் அப்புறம் தேடுனாங்க' என்று சுபேதார் ஐயா ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, தனக்கே நடந்த மாதிரி சொல்வார்.

அந்தச் சகோதரி கேட்ட 'என்ன ஆகப்போகிறது' என்பதற்கு வருகிறேன்.

தருமபுரிப் பக்கம் என் செக்ஷனில் இருந்த நாயக் ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். ராகியும் மாங்காயும் வைத்திருந்தவர். காரியத்துக்குப் போனபோது அவர் மனைவியிடம், பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா தங்கச்சி என்று கேட்டேன். இருக்கிறது அண்ணா என்றார். அடுத்த வருஷக் கூட்டத்துக்கு வந்தவர் சாப்பிடாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரி போய்ப் பேசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. பதினான்கு மாதமாகப் பென்ஷன் வரவில்லை. கல்யாணம் ஆன புதிதில் பட்டாலியனில் மனைவி பெயரைப் பதிவு செய்தபோது நாயக் வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்திருக்கிறார். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பள்ளிக்கூடப் பெயர் இருக்கிறது. பிறந்த தேதியும் வேறு. இரண்டும் ஒருவர்தான் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு இடைத்தரகர், நான் முடித்துத் தருகிறேன் என்று பதினைந்தாயிரம் வாங்கிக்கொண்டு போனவர் போனை எடுக்கவே இல்லை. நகை கூட்டுறவுச் சங்கத்தில் அடமானத்தில் இருந்தது. அந்த ஆடிக்கு ராகி விதைக்கக் கையில் காசு இல்லை.

அன்றைக்கு எங்கள் பழைய கம்பெனி கிளார்க் அங்கே இருந்தது அந்தத் தங்கச்சியின் அதிர்ஷ்டம். பணியில் இருக்கும்போது கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட்-2 ஆர்டர் என்ற உத்தரவில் ஏறும். அதை வைத்துத்தான் ரெக்கார்ட் ஆபீஸ் குடும்பத்தை அடையாளம் காணும். அதை எழுதிய கைகளில் ஒன்று இவருடையது. இலையை மடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து என்னென்ன வேண்டும் என்று எழுதினார். இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்று, நோட்டரி முன்னால் போட்ட உறுதிமொழிப் பத்திரம், பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்று. டிஸ்சார்ஜ் புக் கரையான் அரித்துப் பாதிதான் இருந்தது. ஆர்மி நம்பர் தெரியவில்லை. கிளார்க் சிரித்துவிட்டு, 'அவனோட கறுப்பு டிரங்குப் பெட்டி எங்கம்மா இருக்கு?' என்றார். ராகி கொட்டி வைத்திருந்த அந்தப் பெட்டியின் மூடியில் நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் வெள்ளை பெயின்டில் பளிச்சென்று இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால் தயவுசெய்து அதற்குப் புதுப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எங்களில் இரண்டு பேர் கூடவே போனோம். அங்கிருந்து வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு, அங்கே பெயர் திருத்தமாகி, பிரயாக்ராஜில் இருக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கு. இப்போது ராணுவப் பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற கணினி முறையில் வருவதால் ஒரு எழுத்து மாறினாலும் நின்றுவிடும், சரியாகிவிட்டால் கடகடவென்று வரும். அலைச்சல் ஏழு மாதம். பாக்கி மொத்தமாக வந்தது. முதலில் நகையை மீட்டார். மீதியில் கிணற்றுக்குப் புது மோட்டார் வைத்தார். இந்த வேலையில் எவருக்கும் பெரிய அதிகாரம் கிடையாது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த மூன்று பேர், கூடப் போக நேரம் இருந்த இரண்டு பேர், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்கு அவர் வராமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பணியில் பிள்ளை, தம்பி இருக்கிற வீட்டார் இதை இன்றே போன் போட்டுக் கேளுங்கள்: பார்ட்-2 ஆர்டரில் மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் ஆதாரில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா? பணியில் இருக்கும்போது அது ஒரு மனுவோடு முடிகிற வேலை.

உதவி என்றால் காகிதம் மட்டும் இல்லை. கடலை பறிக்க ஆள் கிடைக்காத ஒரு வருஷம், மழை வேறு மேலே நிற்கிறது, போனில் புலம்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் நான்கு பேர் மனைவிகளோடு வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டு நாளில் கொடி பிடுங்கி, காய் ஆய்ந்து, தார்ப்பாய்க்குள் ஏற்றிவிட்டோம். மாண்டியாக்காரர் ஜி.பி.யு. 28 ராகி விதையைத் துணிப்பையில் கொண்டுவந்து கொடுத்தார், இப்போது எங்கள் தெருவில் ஆறு வீட்டில் அதுதான். பாலக்காட்டுக்காரர் பன்னியூர் மிளகுக் கொடி கொண்டுவருவார். வேலூர் வெயிலில் அது என்ன பாடுபடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிறார், நானும் தென்னை நிழலில் நட்டு வைக்கிறேன்.

பேசாத விஷயங்களும் உண்டு. 1987-ல் இருந்து 1990 வரை அமைதிப்படையில் இலங்கையில் இருந்தவர்கள் எங்களில் பலர். அங்கே இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மற்ற மாநிலத்து ஜவானுக்கு அது ஒரு சண்டை. தமிழ் பேசுகிற ஜவானுக்கு அது என்ன என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. சோதனைக்குப் போன வீட்டில் ஒரு பாட்டி என் அம்மா பேசுகிற மாதிரியே, தண்ணி குடிக்கிறியா தம்பி என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் துப்பாக்கியைப் பார்த்தாள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. ஊரிலும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. படாகானா முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, பம்புசெட்டுத் தொட்டி மேல் உட்கார்ந்து நாங்கள் மூன்று நான்கு பேர் மட்டும் அதைப் பேசுவோம். அதுவும் அரை வாக்கியம் அரை வாக்கியமாக. அங்கே இருந்தவனுக்கு மீதி புரிந்துவிடும். இந்த அரை வாக்கியத்துக்காகவே நான் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறேன் என்று சொன்னால் என் பிள்ளைகளுக்கே வருத்தமாக இருக்கும். ஆனால் அது உண்மை.

வீட்டுப் பெண்களுக்கும் அப்படி ஒரு பேச்சு இருக்கிறது, அதில் எங்களுக்கு இடம் இல்லை. கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. என்று எழுதி, ஆள் எந்த மலையில் இருக்கிறான் என்று தெரியாமலே கடுதாசி போட்டவர்கள் அவர்கள். லீவு முடிந்து நாங்கள் ரயில் ஏறிய பிறகு நாற்று நட்டதும், கடன் கட்டியதும், மாமனாரைக் கரையேற்றியதும் அவர்கள்தான். கணவன் இறந்த பிறகு இந்தக் கூட்டத்துக்கு வருகிற பெண்கள் எங்களைப் பார்க்க வருகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒருவரையொருவர் பார்க்க வருகிறார்கள். ஆகவே சகோதரி, போங்கள். கூட்டம் பிடிக்கவில்லை என்றால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

போன வருஷம் ஒரு தகராறு நடந்தது. என் அக்கா மகன் அக்னிவீரனாகச் சேர்ந்திருக்கிறான். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருஷம்தான். அதன்பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் இல்லை, கேன்டீன் கார்டு இல்லை. லீவில் வந்தவனை நான் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். வரிசையில் எங்கே நிறுத்துவது என்று பேச்சு வந்தது. நான்கு வருஷத்தில் வெளியே வருகிறவனை முன்னாள் ராணுவத்தான் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் பொறாமை இல்லை, பயம்தான் இருந்தது. எங்களுக்குப் பிறகு இப்படிக் கூட ஆள் இருக்காது என்ற பயம். எனக்கும் அது உண்டு. இருபது வருஷம் ஒரே தட்டில் தின்றவர்களுக்கு வருகிற ஒட்டுதல் நான்கு வருஷத்தில் வருமா என்று எனக்கும் சந்தேகம்தான். அதிலும் எல்லா மாநிலத்தில் இருந்தும் கலந்து ஆள் எடுப்பது பற்றியும் பேச்சு இருக்கிறது.

சுபேதார் ஐயா அந்தப் பையனைப் பார்த்து, 'உன் நம்பர் என்ன?' என்றார். அவன் மூச்சு விடாமல் சொன்னான். 'கசம் பரேடு முடிச்சியா?' முடித்தேன் சாப் என்றான். 'அப்ப வரிசைல நில்லு' என்று சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்து 'சாவ்தான்' என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

பெயர் வாசிக்கும் தாளை இந்த முறை அவனிடம்தான் கொடுத்தோம். எங்கள் கண்ணுக்கு அந்தச் சின்ன எழுத்துத் தெரிவதில்லை. தருமபுரி நாயக்கின் பெயருக்கு வந்தபோது ஊர்ப் பெயரைத் தப்பாகப் படித்தான். பின்னால் பெண்கள் வரிசையில் இருந்து தங்கச்சி சத்தமாகத் திருத்தினார். அவன் நிறுத்தி, நம்பரில் இருந்து மறுபடி படித்தான்.