பால்மரத்து நடைவண்டி

தோட்டத்தில் பால்மரத்துக்கு ஆயுசு 25, மிஞ்சினால் 30 வருஷம். அதற்குமேல் பட்டையில் உளி வைக்க இடமிருக்காது, பாலும் குறைந்துவிடும். நிரையோடு சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். கோலாலம்பூர்ப் பக்கம் ரவாங்கைச் சுற்றிக் குண்டாங், சுங்கை சோ, செரண்டா என்று எங்கள் சொந்தபந்தம் சிதறிக் கிடந்த தோட்டங்களில், மரம் சாய்க்கும் வாரம் வந்தால் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். ரப்பர் கொட்டைகளை மடி நிறையப் பொறுக்குவோம். பெரியவர்களுக்கு அது விறகு. வீட்டு அடுப்புக்கும் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீட்டுக்கும் போய்ச் சேரும். பால்மரம் வேறு எதற்காவது ஆகும் என்று அன்றைக்கு யாரும் நினைத்ததில்லை.

அப்பா மட்டும் நினைத்தார். தம்பிக்கு நடை பழகும் வயசு. பால்மரக் கிளையைக் குறுக்கே அறுத்து நடைவண்டிக்குச் சக்கரம் போட்டார். கொஞ்ச நாளில் சக்கரத்துக்கடியில் வெளிர்மஞ்சள் மாவு குவிய ஆரம்பித்தது. அம்மா கூட்டித் தள்ளுவார். மறுநாள் விடிந்தால் மறுபடியும் குவிந்திருக்கும். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், வெட்டிய சூட்டிலேயே வண்டு இறங்கிவிடும் என்று சொன்னவர் ஆசாரித் தாத்தா. லயத்து வீடுகளுக்குக் கதவும் படியும் பழுது பார்ப்பது அவர் வேலை. மிச்சம் விழுந்த மெராந்தி மரத் துண்டுகளில் வேறு வண்டி செய்து கொடுத்தார்.

அவர் வேலை செய்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தம்பியைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, அவன் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே பென்சிலால் கோடு போட்டார். கைப்பிடி அந்த உயரம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. அச்சில் எண்ணெய் விடட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, “வேணாம் தாயி, லேசா ஓடுனா புள்ள மூஞ்சி தரையிலதான்” என்றார். சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு இறுக்கமாகத்தான் உருளும். பிள்ளை தள்ளினால் போகும், விட்டால் நின்றுவிடும். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்தத் தேரைப் பள்ளியில் படித்தபோது என் மனசில் உருண்டது தாத்தாவின் வண்டிதான்.

தம்பி நடந்த பிறகு வண்டி ஆயாக் கொட்டகைக்குப் போனது. விடியுமுன்னே ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் தாய்மார், தூக்கம் கலையாத பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். வரிசையாக ஏணைகள், நடுவே அந்த ஒரு வண்டி. ஆயா முறை வைத்துத்தான் கொடுப்பார். எத்தனை பிள்ளைகளின் முதல் அடியை அது கண்டிருக்கும்!

இப்போது பேத்திக்கு வாங்கலாமென்று ரவாங்கில் ஒரு கடைக்குப் போனோம். மரப்பெட்டி வண்டியொன்றின் அட்டையில் ‘ரப்பர் மரம்’ என்று போட்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். அதே வெளிர்மஞ்சள்; ஆனால் ஒரு துளைகூட இல்லை. வெட்டிய உடனே போரான் மருந்து ஏற்றி, சூளையில் காய வைத்தால் வண்டு அண்டாது. ரவாங்கிலிருந்து கோலாலம்பூர் போகிற வழியில் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகமும் இந்த மரத்தை ஆராய்ந்திருக்கிறது. தாய்லாந்தின் திராங்கில் 1981இல் தொடங்கிய பிளான்டாய்ஸ் நிறுவனம், பால் வற்றிய மரங்களில்தான் பொம்மை செய்கிறது. நாங்கள் அடுப்பில் வைத்த மரம்! சந்தோஷமாகவும் இருந்தது, அப்பாவை நினைத்து வயிறும் கலங்கியது.

பக்கத்திலேயே பிள்ளையை உள்ளே உட்கார வைக்கும் பிளாஸ்டிக் வாக்கர் வரிசையாக நின்றது. மருமகள் அதைத்தான் பார்த்தாள். வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அதோடு படியில் உருண்டு அடிபடுவதால் கனடாவில் 2004லேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நடையும் அதனால் சீக்கிரம் வருவதில்லை. நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நிற்கிறது. பிடிப்பதும் விடுவதும் அதன் இஷ்டம். கழன்று வரும் மணி, வாய்க்குள் போகிற அளவு உருண்டை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பெட்டி கனமாக இருக்கிறதா, பிள்ளை எட்டிப் பிடித்து எழுந்தால் பின்னால் சாயுமா என்று கைப்பிடியை அழுத்தியும் பார்த்தேன். பின்சக்கரத்தில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி இருந்தது. ஆசாரித் தாத்தா எண்ணெய் விடாமல் செய்ததை இதில் திருகாணி செய்கிறது. அதையே எடுத்தோம்.

தோட்டங்கள் செம்பனையாகி, பிறகு தாமான் குடியிருப்புகளாகிவிட்டன. அன்று லயத்து அஞ்சடி நடைபாதையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பிள்ளை தள்ளிக்கொண்டே போகும். வழியெங்கும் யார் வீட்டு அத்தையாவது கை நீட்டுவார். இன்று மகன் வீட்டுக் கூடத்தில் நாலு தள்ளில் சுவர் வந்துவிடுகிறது. அதனால் சாயங்காலம் மாடிப் படிக்கட்டின் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு, வீடுகளுக்கு முன்னால் ஓடும் நடையில் வண்டியை இறக்குகிறோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா செருப்பு அடுக்கைத் தாமாகவே உள்ளே நகர்த்தி வைத்துக்கொண்டார்.